எர்ணாகுளம் என்று காட்டியது

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். மொட்டை மாடியில் போட்ட வேட்டி நேற்றும் காயவில்லை, இன்றும் காயவில்லை. கடைக்குப் பழைய பேண்ட். பொத்தானுக்கும் ஓட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. தனியாகச் சமைத்துச் சாப்பிடும் ஆண்பிள்ளை இளைத்துப்போவான் என்பார்கள். என் சமையலைத் தின்றும் ஊதுகிறவன் போடியில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஈஸ்வரி திண்டுக்கல் போய் இன்றோடு ஐம்பத்தோரு நாள். மகள் கீதாவுக்குப் பிரசவம். பேத்தி. தீபாவளிக்கு நான் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். பிரவீன் வரவில்லை. நான் கிளம்பிய மறுநாள் வந்தானாம். மாப்பிள்ளை போனில் வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு "சிக்னல் கட்டாகுது மாமா" என்றார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

மே மாதம் வீட்டை விட்டுப் போன பிள்ளை. ஆறு மாதம். என் போனை எடுப்பதில்லை. அம்மாவிடம் வாரம் இரண்டு தடவை பேசுகிறான். எங்கே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும், கீதாவுக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியும். பிறந்து நாற்பது நாளான பேத்திக்கும் காதில் ஓதியிருப்பார்கள். பெற்ற அப்பனுக்கு மட்டும் இல்லை.

சாயங்காலம் ஈஸ். போன்.

"எங்கதான் இருக்கான் ஈஸ்வரி?"

"நல்லாருக்கான். வேலை பாக்குறான். அம்புட்டுத்தான் சொல்லுவேன்."

"பெத்தவன் கேக்குறேன்."

"சத்தியம் வாங்கிட்டானே, நான் என்ன செய்ய? நீங்க சாப்ட்டீகளா?"

சாப்பிட்டேன் என்றேன். ரசம். அதாவது, ரசம் என்று நினைத்து வைத்தது.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. வேட்டி காய்ந்தது. வாங்க வேண்டியது: புளி, துணி சோப்பு, பார்சல் டேப், விளக்குமாறு.

பிரவீன் விட்டுப்போனவை மூன்று. பழைய லேப்டாப். கிரிக்கெட் மட்டையை விளையாட்டுக்காரன் மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்கும் பத்து வயசுப் போட்டோ. ஏலக்காய் வெப்சைட்டு. வெப்சைட்டு அவனே கட்டியது. கால் கிலோ, அரைக் கிலோ பாக்கெட் போட்டு வெளியூருக்கு அனுப்புவது. அவன் போனபிறகு நான் நடத்துகிறேன். நடத்துகிறேன் என்பது பெரிய வார்த்தை. வாரத்துக்கு நாலைந்து ஆர்டர். இன்று சேலம் ஒன்று, ஓசூர் ஒன்று.

அதில் நான் தப்புத்தப்பாக எதையாவது ஏற்றுவேன். ஒரே பாக்கெட்டை இரண்டு தடவை போடுவேன், எட்டு மி.மீ காய்க்கு ஏழு மி.மீ படத்தை வைப்பேன். இரண்டு மூன்று நாளில் தானாகச் சரியாகிவிடும். வெப்சைட்டே திருத்திக்கொள்கிறது என்று நினைத்திருந்தேன். இஞ்சினியரிங் படித்த பிள்ளை கட்டியது, புத்தியும் சேர்த்து வைத்துக் கட்டியிருப்பான் என்று.

இன்று சாயங்காலம் எதையோ தொடப்போய் ஒரு பக்கம் திறந்துகொண்டது. யார் யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பட்டியல். என் பெயர், நேரம், ஒரு நீள எண். மறுபடி என் பெயர். அடுத்த வரியில் பிரவீன். நேற்று காலை 6.40. வேறொரு எண்.

பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். ஜூன் வரைக்கும் இருக்கிறது. வாரம் மூன்று, நான்கு தடவை. ஐந்து மாதமாக என் பின்னாலேயே வந்து நான் சிந்தினதைப் பெருக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

டீ போட்டுக் குடித்தேன். சர்க்கரை போடவில்லை என்பது டம்ளரைக் கழுவும்போதுதான் தெரிந்தது.

லேப்டாப்பில் ஏஐ உதவியாள் ஒன்று இருக்கிறது, போனிலிருந்தும் கேட்கலாம். கஸ்டமர் இங்கிலீஷில் எழுதினால் பதில் எழுதித் தரச் சொல்வேன். பத்தாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவனுக்கு அந்த அளவு இங்கிலீஷ் வரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? முதலில் என்னை 'ஐயா' என்றது. ரிட்டயர் ஆன மாதிரி இருக்கிறது, அண்ணே என்று சொல் என்றேன். அன்றிலிருந்து அண்ணே. நான் அதைத் தம்பி என்பேன். வீட்டில் கேட்டால் பதில் சொல்கிற ஒரே ஜீவன்.

"தம்பி, இந்த நம்பர் எந்த ஊரு?"

"அண்ணே, இது ஐபி முகவரி. இணையத்தில் சேரும் இணைப்புக்குக் கொடுக்கப்படும் எண். அது எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று பார்க்க என்னிடம் இப்போது வசதி இல்லை. இடம் தேடிச் சொல்லும் கருவி ஒன்றை என்னோடு இணைத்தால் பார்த்துச் சொல்ல முடியும்."

இணைப்பது எப்படி என்று கேட்டேன். பதினோரு படி கொடுத்தது. நான்காவது படியில் வழுக்கினேன்.

நவம்பர் 6, வியாழன்

ஏல நாள். மாதிரி பார்த்துப் பார்த்து இரண்டு கட்டைவிரல் நகமும் பச்சை. இருபத்தாறு வருஷமாக இதே சோலி. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு பிடி காய் வரும், நகத்தால் கீறி உள்ளே விதை அரிசி கறுப்பா, வெளுப்பா, ஈரமா என்று பார்த்து மொதலாளிக்குச் சொல்ல வேண்டும்.

நாள் பூரா அந்த எண்ணே மனதில். ஏலத்திலும் எல்லாம் எண்தான். லாட் நம்பரைச் சொன்னால் போதும், எந்த எஸ்டேட், யார் காய், அவர் வீட்டு நாய் கடிக்குமா கடிக்காதா என்பது வரை நான் சொல்வேன். ஒரு நம்பருக்கு ஒரு ஆள். இது பொய்த்து நான் பார்த்ததில்லை. பிரவீனின் எண் கையில் இருக்கிறது. பிறகென்ன, ஆளும் கையில்தான்.

கடையில் கூட வேலை பார்க்கும் சுருளிக்கு என் முகத்தைப் பார்த்தாலே வாய் அரிக்கும்.

"என்ன மாப்ளே, காயைக் கீறாம தட்டைக் கீறிக்கிட்டிருக்க. பொண்டாட்டி நெனப்பா?"

"ஆமாடா. அவ ரசம் நெனப்பு."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க வைத்துவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். பழகின வித்தை.

ஐந்து மணிக்கு லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு நஸீமாவின் கம்ப்யூட்டர் சென்டருக்கு. ஆதார் திருத்தம், பஸ் டிக்கெட், பென்ஷன், எல்லாம் செய்கிற பெண். கூட்டம். ஒரு கிழவரின் கைரேகை மெஷினில் விழவில்லை, நாலு தடவை துடைத்துத் துடைத்து வைத்தார். என் முறை வர ஏழரை.

"கருவின்னா என்னண்ணே, ஸ்பேனரா?"

படிகளைக் காட்டினேன். பார்த்தாள்.

"சரி, இந்தக் கம்பெனில பதிஞ்சா ஒரு சாவி குடுப்பான். நீளமா எழுத்தும் நம்பருமா இருக்கும். அதைக் கொண்டுபோய் இந்த உதவியாள் இருக்குற ஃபைல்ல ஒட்டணும். அம்புட்டுத்தான். எதுக்கு இது?"

"கஸ்டமரு ஒருத்தன் பொய்யா ஆர்டர் போடுறான். எந்த ஊருன்னு பாக்கணும்."

பொய்யைச் சொல்லும்போது காது சுடுகிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. சாவி வாங்கித் தந்தாள். ஒட்டுவதை வீட்டில் நானே செய்கிறேன் என்று வந்துவிட்டேன். வீராப்பு.

நவம்பர் 7, வெள்ளி

ஒட்டினேன். வேலை செய்யவில்லை. சிவப்பில் ஒரு வரி.

மறுபடி ஒட்டினேன். இரண்டு வரி.

சோறு குழைந்துவிட்டது.

நவம்பர் 8, சனி

அரை நாள் லீவு. மறுபடி நஸீமா. ஃபைலைத் திறந்து விரலை வைத்துக்கொண்டே இறங்கினாள்.

"இங்க ஒரு கமா இல்ல பாருங்க."

"ஒரு கமாவுக்கா ரெண்டு நாளா என்னைப் படுத்துது?"

"உங்க ஏலக்காயில ஒண்ணு கறுப்பு இருந்தா லாட்டையே தள்ள மாட்டீக?"

நியாயம். கமா விழுந்தது. மூடித் திறக்கச் சொன்னாள். கருவிகள் என்ற இடத்தில் பச்சைப் புள்ளி. எண்ணைக் கொடுத்தேன். இரண்டு விநாடி யோசித்தது.

"அண்ணே, இந்த எண் கேரளம், எர்ணாகுளம் என்று காட்டுகிறது. வரைபடப் புள்ளியும் தருகிறேன். துல்லிய வட்டம் 100 கி.மீ. இது இணைப்பு தரும் நிறுவனத்தின் இடமாகவும் இருக்கலாம். ஒருவரின் வீட்டை இது காட்டாது."

எர்ணாகுளம்!

போடியிலிருந்து மலையைச் சுற்றாமல் நேராக அளந்தால் நூறு கி.மீ, கூடக் கொஞ்சம் இருக்கும். கேட்காமலே தூரத்தையும் கணக்குப் போட்டுச் சொல்கிறதே என்று மெச்சிக்கொண்டேன். வீட்டைக் காட்டாது என்பதெல்லாம் தரகர் பேச்சு. சரக்கு எவ்வளவு நயமாக இருந்தாலும் 'கொஞ்சம் ஈரம் இருக்கலாம்' என்று சொல்லி வைப்பார்கள், பின்னால் வம்பு வராமல் இருக்க.

நஸீமா லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கையில் கொடுத்தாள்.

"கஸ்டமரு பேரு பிரவீனாண்ணே?"

பட்டியல் திரையிலேயே இருந்திருக்கிறது. துண்டின் முனையை இறுக்கி முடிந்தேன்.

"எங்க அத்தா என்னைய இப்படித் தேடியிருந்தா எனக்குக் கோவம் வந்துருக்கும். கொஞ்சம் சந்தோசமாவும் இருந்துருக்கும். போய்ட்டு வாங்க."

போகிற வழியில் அரைக் கிலோ காராச்சேவு, அவனுக்கு ஒரு சட்டை. அளவு கேட்டார்கள். ஆறு மாதத்துக்கு முந்தின அளவைச் சொன்னேன்.

நவம்பர் 10, திங்கள்

நேற்று எழுதவில்லை. எழுதும் நிலையில் இல்லை. இன்றும் கால் வலி. கடையில் "எங்க மாப்ளே நொண்டுற?" என்றான் சுருளி. படியில் இடறிவிட்டேன் என்றேன்.

ஞாயிறு முதல் பஸ். போடிமெட்டு, பூப்பாறை, அடிமாலி, அங்கே மாறி கோதமங்கலம், எர்ணாகுளம். ஏறியதிலிருந்து முதல் வார்த்தை என்ன சொல்வது என்று ஒத்திகை. 'என்னப்பு, நல்லாருக்கியா?' ரொம்பச் சாதாரணம். 'உங்கம்மா அனுப்புனா.' பொய். 'சேவு வாங்கிட்டு வந்தேன்.' இது பரவாயில்லை. பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். உதடு அசைந்திருக்கும்.

இறங்கும்போது மணி இரண்டு. வெயில். போனில் புள்ளியை வைத்துக்கொண்டு நடந்தேன். கடைகள், பெரிய பெரிய கட்டிடங்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் அவன் இருப்பான் போல. ஐந்நூறு மீட்டர், இருநூறு மீட்டர். ரோடு முடிந்தது. நடைபாதை வந்தது. அதுவும் முடிந்து கம்பித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் காயல்.

புள்ளி தண்ணீருக்குள் இருந்தது. கரையிலிருந்து ஒரு நூறடி தள்ளி. போனைத் திருப்பிப் பார்த்தேன், நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு படகு வந்து அந்தப் புள்ளி மேலேயே போயிற்று.

கடலை விற்கிறவர் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"எந்தா சேட்டா, ஆரெயா நோக்குந்நது?"

"என் மவனை."

"வெள்ளத்திலோ?"

தண்ணீருக்குள்ளேயா என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார். எஸ்டேட்காரர்களோடு பழகின அரைகுறை மலையாளத்தில் விஷயத்தைச் சொன்னேன். போட்டோ கேட்டார். காட்டினேன். சும்மா ஒப்புக்குப் பார்க்காமல், கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "கண்டிட்டில்ல" என்றார், பார்க்காதது ஏதோ தன் தப்பு மாதிரி. கடலை கொடுத்தார். நான் சேவுப் பொட்டலத்தைப் பிரித்தேன். இரண்டு பேரும் தின்றோம்.

தம்பியிடம் போனிலேயே கேட்டேன், கோபமாக.

"அண்ணே, துல்லிய வட்டம் 100 கி.மீ என்றால், அந்தப் புள்ளியைச் சுற்றி நூறு கி.மீக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று பொருள். புள்ளி என்பது நகரத்தின் நடுவைக் குறிக்கப் பொதுவாக வைப்பது. இதை நான் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். என் தவறு, மன்னித்துவிடுங்கள்."

நூறு கி.மீ வட்டம் போட்டால் இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் ஏறக்குறைய பூப்பாறை வரை வந்துவிடுகிறது. இன்னும் இரண்டு விரல் நீட்டினால் என் வீட்டுக் குளியலறை.

திரும்பும் பஸ்ஸில் சேவு ஞாபகம் இல்லை, சட்டை ஞாபகம் இல்லை, மன்னிப்பு ஞாபகம்தான். அது கேட்டுவிட்டது, அரை விநாடியில். கூச்சமே இல்லை. எனக்கு ஆறு மாதமாக வாயில் வரவில்லை.

எழுதியே வைக்கிறேன், இந்த நோட்டை யார் பார்க்கப் போகிறார்கள். மே மாதம் ஒரு ஏல நாள். பிரவீன் கேமராவோடு கடைக்கு வந்தான், வெப்சைட்டுக்குக் காயைப் படம் எடுக்க. வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். டீ நேரம். பத்துப் பேர் நின்றார்கள். நான் சொன்னேன்: "நாலு வருசம் இஞ்சினியரிங் படிச்சு ஏலக்காய்க்குப் பாஸ்போர்ட்டு போட்டோ எடுக்குறான் என் மவன்." ஒரே சிரிப்பு. சுருளிக்குப் புரை ஏறிவிட்டது. பிரவீனும் சிரித்தான். அதனால் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். அடுத்த டீ நேரத்தில் இன்னொரு தடவை சொன்னேன், வராதவர்களுக்காக. அடுத்த வாரம் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. ஈஸ். போன். எர்ணாகுளம் போனதைச் சொல்லவில்லை. அவளே கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம பூரா போன் எடுக்கலயே?"

"தூங்கிட்டேன்."

"பதினாலு மணி நேரமா?"

பேத்தி அழுதது. தப்பித்தேன்.

நவம்பர் 13, வியாழன்

மொதலாளி மலைக்கு அனுப்பினார். பூப்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட். காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்து, பதம் சரியா என்று சொல்லிவிட்டு வர வேண்டும். ஜீப்பு. குளிர், பனி, வைப்பர் ஒரு பக்கம்தான் ஓடியது, டிரைவர் பக்கம் இல்லை.

ஸ்டோருக்குள் வெதுவெதுப்பு. பச்சைக் காய் வாசனை மூக்கை அடைத்தது. போனில் சிக்னல் இல்லை. சேலத்து ஆர்டர் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் அவர்கள் வைஃபையைக் கொடுத்தார். வெப்சைட்டுக்குள் போனேன். வேலை முடிந்ததும் கை தானாகப் பட்டியலைத் திறந்தது.

என் பெயர், 11.20, புதிய எண். கீழே பிரவீன், இன்று காலை 6.35. இரண்டு எண்ணும் முக்கால்வாசி ஒன்று. கடைசிப் பகுதி மட்டும் வேறு.

என் எண்ணைத் தம்பியிடம் கொடுத்தேன். எர்ணாகுளம் என்றது. நான் நிற்பதோ மலை உச்சியில், கையில் ஏலக்காய், காலில் அட்டை.

சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"இந்த மலையில எல்லா ஸ்டோருக்கும் ஒரே கம்பெனி லைன்தான் சேட்டா. எங்க நின்னு நோக்குனாலும் எறணாகுளம்னுதான் காமிக்கும். எதுக்கு?"

"சும்மா."

ஆக இங்கேதான். இந்த மலையில்தான். வீட்டு மாடியில் நின்றால் தெரிகிற மலை. வேட்டி காயுமா என்று தினம் காலையில் நிமிர்ந்து பார்க்கிறேனே, அதே மலை.

டிரைவரிடம் வாய் பொறுக்காமல் சொல்லிவிட்டேன். நல்ல மனுஷன். வண்டியை ஓரம் கட்டினான்.

"அதுக்கென்னண்ணே? ஒரு நாப்பது ஸ்டோரு இருக்குமா? ஒவ்வொண்ணா நிப்பாட்டிக் கேப்போம். இன்னைக்கு நாலு, அடுத்த ட்ரிப்புல நாலு. ஏலக்காய் வாசத்துக்கு எங்க ஒளிஞ்சுர முடியும்?"

ஆசையாக இருந்தது. முதல் ஸ்டோர் வளைவில் தெரிந்தது, புகைபோக்கியோடு. உள்ளே போகிறேன் என்று வைத்துக்கொள். பத்துப் பேர் காய் பிரித்துக்கொண்டு இருப்பார்கள். நடுவில் அவன். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரியும். பத்துப் பேரைப் பார்த்தால் என் வாய் எதையாவது வேடிக்கையாகச் சொல்லும். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

"விடுப்பா, போடிக்குப் போ" என்றேன்.

"நெசமாவா?"

"வெரசாப் போ. மனசு மாறிரும்."

நவம்பர் 14, வெள்ளி

கருவியைக் கழற்றியாயிற்று. மாட்ட இரண்டு நாள், கழற்ற ஒரு தட்டு. 'உறுதியா?' என்று கேட்டது. ஆம்.

"அண்ணே, மகனுக்கு ஒரு கடிதம் எழுத உதவட்டுமா?" என்றது தம்பி. எழுதிக் காட்டவும் செய்தது. 'அன்பு மகனே, தந்தையின் உள்ளம்' என்று ஆரம்பம். கல்யாணப் பத்திரிகை மாதிரி. இதைப் படித்தால் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்வான். வேண்டாம் என்றேன்.

வெப்சைட்டில் புதுப் பொருள் ஏற்றும் பக்கம் இருக்கிறது. ஏற்றிவிட்டு வெளியிடாமல் வைத்தால் கஸ்டமருக்குத் தெரியாது. உள்ளே வருகிற இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். பொருளின் பெயர் என்ற இடத்தில் 'விற்பனைக்கு இல்லை' என்று போட்டேன். விவரம் என்ற இடத்தில் எழுதினேன். நாலு தடவை அழித்து, கடைசியில் நின்றது இது:

பிரவீன், அன்னைக்கு டீ நேரத்துல நான் சொன்னது தப்பு. ரெண்டாவது தடவை சொன்னது அதைவிடத் தப்பு. நீ சிரிச்சதால வலிக்கலைன்னு நெனச்சேன். நீ எங்க இருக்கன்னு நம்பரை வச்சுத் தேடுனேன், அதுவும் தப்புதான், இனிமே தேட மாட்டேன். 23ஆம் தேதி ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு போடிமெட்டுல பஸ் நிக்கிற எடத்துல இருப்பேன். வரலைன்னா கோவிச்சுக்க மாட்டேன். அப்பா.

வேடிக்கை ஒன்றும் இல்லாமல் எழுதியது இதுதான் முதல் தடவை. படித்துப் பார்த்தால் யாரோ எழுதின மாதிரி இருக்கிறது.

விலை போடாமல் சேமிக்க முடியாது என்றது. பூஜ்யம் போட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

அவன் வரவில்லை. உள்ளே, வெப்சைட்டுக்குள். வியாழனுக்கு அப்புறம் இல்லை.

துணி துவைத்தேன். விளக்குமாறு இன்னும் வாங்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று காலை 6.42. பிரவீன். வந்திருக்கிறான். நேற்றைய ஓசூர் பார்சலுக்கு நான் போட்ட தப்பான பின்கோடைத் திருத்தியிருக்கிறான். நான் எழுதினது அப்படியே இருக்கிறது. பார்க்காமல் இருந்திருக்க முடியாது, முதல் வரியிலேயே கிடக்கிறது.

கடையில் சுருளி: "என்ன மாப்ளே, நாலு நாளா ஒரு சோக்கும் காணோம். ஸ்டாக் தீந்துபோச்சா?"

"லோடு வரலடா" என்றேன். சொன்ன பிறகுதான் இதுவும் ஒன்று என்று தெரிந்தது.

நவம்பர் 19, புதன்

வரவில்லை.

நவம்பர் 20, வியாழன்

6.38. வந்தான். எதையும் தொடவில்லை. என்னத்துக்கு வந்தான்? திருத்த ஒன்றும் இல்லாத நாளில் ஏன் வர வேண்டும்? ஈஸ்வரியிடம் கேட்கலாம் என்று போனை எடுத்து, வைத்துவிட்டேன். தேட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பட்டியலை இத்தனை தடவை திறந்து பார்ப்பதும் தேடுவதில்தான் சேருமோ என்னவோ.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"அவன்கிட்ட என்னத்தைச் சொன்னீக?"

"ஏன்?"

"ஒண்ணுமில்ல. நேத்துப் பேசுனான். ரொம்ப நேரம் பேசாமலே இருந்தான்."

அவ்வளவுதான். அவள் சத்தியம் அப்படி.

நவம்பர் 21, வெள்ளி

கன மழை. மெட்டு ரோட்டில் மண் சரிந்தால் பஸ் நின்றுவிடும். கடையில் எல்லோரிடமும் ரோடு எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை உனக்கு அங்கே என்ன சோலி என்றார் மொதலாளி. அடுத்த தட்டை இழுத்துக் காயைக் கீறினேன். அவரும் விட்டுவிட்டார்.

நவம்பர் 22, சனி

மழை விட்டது. ரோடு திறந்திருக்கிறது.

காலையில் லேப்டாப்பைத் திறக்கக் கூடாது என்று இருந்தேன். டீ போட்டேன். சர்க்கரை போட்டேன். திறந்தேன்.

6.36. பிரவீன்.

'விற்பனைக்கு இல்லை' திருத்தப்பட்டிருக்கிறது. என் எழுத்து எதையும் எடுக்கவில்லை. 'பத்து மணிக்கு' என்றது மட்டும் 'பதினோரு மணிக்கு' என்று மாறியிருக்கிறது. அடியில் ஒரு வரி, புதுசு:

ஸ்டோர் ஜீப்பு பத்தரைக்குத்தான் எறங்கும்.

ஏழெட்டுத் தடவை படித்தேன். சத்தமாக ஒரு தடவை. கடைக்கு அரை மணி நேரம் லேட்.

மத்தியானம் சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தேன். மலையில் மூட்டை தூக்கி உடம்பு மாறியிருக்கும், சேராது. இருக்கட்டும்.

காலையில் ஏழு மணி பஸ் போதும் என்கிறார்கள். அது எட்டேகாலுக்கெல்லாம் மெட்டில் கொண்டுபோய் விட்டுவிடும். பதினோரு மணி வரை அந்தப் பனியில் சும்மா நிற்க வேண்டும்.

நிற்கலாம்.